திறந்த காது

காதைத் திறக்க ஒரு மாத்திரை போதும் என்று டாக்டர் மெர்லின் சொன்னபோது என் மனைவி ஆவுடையம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் ஒருவழியாக ஓய்ந்தபிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது வருசமா நான் தொறக்காத காதா டாக்டர்? நான் பேசுனதுல பாதிகூட இவிய காதுக்குள்ள போனதில்ல. இந்த மாத்திரைய நான் கல்யாணம் ஆகி வந்தப்பவே கண்டுபிடிச்சிருக்கப்படாதா" என்றாள்.

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை. இந்த வயதில் பயிற்சி மைய நாற்காலியில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிவந்த பையனைப் போல மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்.

நான் பத்திர எழுத்தன். அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பிரமநாயகம் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம், அதிலுள்ள கிணறு, கிணற்றுக்குப் போகும் பாதை, பாதையோரத்து வேம்பு என்று ஒன்றுவிடாமல் எழுதி அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொண்டவன். வந்தாலும் அது என் எழுத்தால் வந்ததாக இருக்காது. இப்போது பத்திரம் தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது. வாங்குபவர் கைபேசியில் தலையாட்டினால் போதும், நிலம் கைமாறிவிடும். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். எனக்கு அரசாங்கம் ஒரு தொழிலைக் காட்டியது: காற்றாலை இறகு பழுது பார்த்தல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிழடுதட்டி நிற்கும் காற்றாலைகளின் இறகுகளை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். அதைத் தட்டிப் பார்த்து உள்ளே எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பேனா பிடித்த கைக்குச் சுத்தியல்.

"அதுக்கெல்லாம் மெஷின் வந்திருக்குமே" என்று கேட்டேன். மெஷின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை ஏற்பட்டிருந்தது.

"இருக்கு சார். ஆனா இந்த எறகு எல்லாம் பத்து தடவை ஒட்டுப் போட்டது. மெஷினுக்கு ஒட்டும் தெரியல, ஓட்டையும் தெரியல. எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுது. மனுஷக் காது பிரிச்சுச் சொல்லிடும். ஆனா அந்தக் காது சின்ன வயசுல பழகணும்" என்றார் டாக்டர். "மூணு வயசுக் குழந்தை ஒரு பாஷையக் கேட்டே பிடிச்சுக்குது இல்லையா. அந்த வயசுல மூளையில ஒரு கதவு திறந்திருக்கும். கேக்கிறதெல்லாம் நேரா உள்ள போய் உக்காந்துக்கும். வளர வளரக் கதவு சாத்திக்கும். இந்த மாத்திரை அதை ஒரு மண்டலத்துக்குத் திறந்து வைக்கும். அப்புறம் தானா சாத்திக்கும். உள்ள போனது ஆயுசுக்கும் அழியாது."

எனக்குத் தோன்றாத கேள்வி ஆவுடைக்குத் தோன்றியது.

"பிள்ளையள் காதுல நல்லதும் விழும், கெட்டதும் விழும். இவியளுக்கு எப்பிடி?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அதான்மா இதுல கஷ்டம். முன்னால ஒரு தடவை பயிற்சிக்கு வந்தவர் ஒருத்தர், நடுவுல அண்ணன் இறந்துட்டார்னு வீட்டுக்குப் போனார். வருஷம் எத்தனையோ ஆச்சு. இன்னைக்கும் காலையில எழுந்திரிச்சா இப்பத்தான் சேதி வந்த மாதிரி உக்காந்து அழறார். நமக்கெல்லாம் துக்கம் நாள்பட்டா ஆறும். கதவு சாத்தியிருக்கிறதாலதான் ஆறுது. திறந்திருக்கும்போது விழுந்த துக்கம் ஆறாது. அதனால மண்டலம் முடியற வரைக்கும் வீட்டு விஷயம் எதுவும் அவங்க காதுக்குப் போகக்கூடாது. ஞாயித்துக்கிழமை ஒரு போன். குரல் மட்டும்தான். அதுவும் எங்க ஆபீஸ் வழியாத்தான். குடும்பம் இதுக்குச் சம்மதிக்கணும்."

"மாலை போட்டவன் சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போகப்படாதும்பாவ. அது மாதிரிதான" என்றாள் ஆவுடை. "எங்க போடணும் கையெழுத்து?"

சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவன் நான். என் கையெழுத்துக்கு முன்பே அவள் கையெழுத்து விழுந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் மறுபடியும் இருமினாள். டாக்டரிடம் காட்டு என்றேன். "நெஞ்சுச் சளிக்கு எதுக்கு டாக்டரு? சுக்குத்தண்ணி குடிச்சாப் போயிரும்" என்றாள். நான் விட்டுவிட்டேன். காது இன்னும் திறக்கவில்லை.

*

பட்டறை என்றால் பெரிய தகரக் கொட்டகை. உள்ளே இறகுகள் கரை ஒதுங்கிய திமிங்கிலங்களாகப் படுத்துக் கிடக்கும். கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டிச் செய்தது. எங்காவது ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். பித்தளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் ஒரு மாதிரி பேசும், விட்டுப்போன இடம் வேறு மாதிரி. அதற்குப் பட்டறையில் பொக்கை என்று பெயர். பொக்கை கேட்ட இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட வேண்டும்.

சொல்லிக்கொடுத்தவள் சுபா. தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் கையுமாக நிற்கும் சின்னப் பெண். நாங்கள் பன்னிரண்டு கிழடுகளும் அவளுக்கு முன்னால் கைகட்டி நிற்போம்.

"பானை வாங்கும்போது தட்டிப் பாப்பீங்கல்ல? அவ்ளோதான் சார்" என்பாள். "அதுல ஒரே சத்தம். இதுல நூறு சத்தம்."

மாத்திரை போட்ட முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அரசாங்கம் மறுபடியும் ஏமாற்றிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் வாளியின் அடியில் விழுவது ஒரு குரலாகவும், நிறைய நிறைய வேறு குரலாகவும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டே வாளி நிறையும்போது குழாயை மூடினேன். அன்று இறகில் பொக்கைகள் தாமாக வந்து காதில் சொல்லின. இது பாதிப்பொக்கை, இது பழைய ஒட்டு, இது ஈரம் என்று சத்தமே பிரித்துப் பிரித்துக் கொடுத்தது.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஒருநாள் இருந்து பார்த்தால் தெரியும். பெரியவனாக இருப்பதில் உள்ள பெரிய சுகம், பாதி உலகத்தைக் கேட்காமல் இருக்க முடிவது. அது போய்விட்டது. கொட்டகைத் தகரத்தில் காற்று, மின்விசிறியின் முனகல், அடுத்த கட்டிலில் ஒருவர் சோற்றை மெல்லுவது, எல்லாம் நேராக உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தன. மாலையானால் கண்ணும் காதும் வலித்து, குழந்தைகள் ஏன் சாயங்காலத்தில் காரணமில்லாமல் அழுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நானும் ஒன்றிரண்டு நாள் அழுதேன். அசதி, வேறொன்றுமில்லை.

அடுத்த கட்டில் ஜெபமணி. நாசரேத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் டிரைவரே இல்லாமல் போனபிறகு கண்டக்டர் எதற்கு. அவர் கதை வேறு மாதிரிப் போனது. சாப்பாட்டுக் கூடத்துச் சமையல்காரர் பாறசாலைக்காரர், மலையாளம். ஜெபமணிக்கு வாய் ருசி அதிகம், சமையற்கட்டையே சுற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "எந்தா வே பிரமநாயகம், ஊணு கழிஞ்ஞோ" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்பதை மலையாளத்தில் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பேசல வே. அது தானா வருது."

"ஆயுசுக்கும் அழியாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ" என்றேன்.

"வீட்டுக்காரி என்னவே நெனைப்பா? திருவனந்தோரத்துல ஒரு குடும்பம் வச்சிருக்கேன்னுல்லா நெனைப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் அறையில் அன்று ஒருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பும் உள்ளே அப்படியே இருக்கிறது.

சுபா ஒருநாள் ஓர் இறகைக் காட்டித் தட்டச் சொன்னாள். நுனியிலிருந்து அடிவரை தட்டினேன். ஒரு பொக்கைகூட இல்லை. மணி மாதிரிப் பேசியது.

"சுத்தமா இருக்கும்மா" என்றேன்.

"அதான் சார் தப்பு. இது பதினஞ்சு வருஷம் காத்துல சுத்துன எறகு. இதுல ஒரு குறையும் கேக்கலன்னா என்ன அர்த்தம்? யாரோ ஓட்டையில புட்டிப் பசை போட்டு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சு விக்கப் பாத்திருக்காங்க. ஓடுன எறகுன்னா கொஞ்சமாவது இருமும். இருமலேன்னா நம்பாதீங்க."

தலையாட்டினேன். பிள்ளைகளைப் போல அதையும் உள்ளே வாங்கிக்கொண்டேன்.

*

முதல் ஞாயிறு போனில் ஆவுடை பேசியது எனக்கு ஆவுடையாகவே கேட்டது. சாப்பாடு எப்படி, தலையணை உண்டா, பக்கத்து வீட்டு வேலம்மாள் சாக்கடைத் தண்ணீரை மறுபடியும் நம் வாசல்பக்கம் திருப்பிவிட்டாள், நீங்க வந்துதான் கேக்கணும். வேலம்மாளோடு அவளுக்கு இருந்த சாக்கடை வழக்கு எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம்தான் இளையது.

காது திறந்தபிறகு வந்த ஞாயிற்றில், "எப்பிடி இருக்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள்.

பொக்கை.

சந்தேகமே இல்லை. அந்தச் சொல்லுக்கு அடியில் ஒன்றும் இல்லை. காற்று பாதித் தூரம் வந்து நின்று, மறுபடியும் கூப்பிட்டு வரவேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்து பேசவில்லை, படுத்திருந்தாள். நெஞ்சில் இடதுபக்கம் நீர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து இருமிவிட்டு வருகிறாள். இறகைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த காது யாரையும் கேட்காமல் என் பெண்டாட்டியைப் படித்துவிட்டது.

"சுக்குத்தண்ணி குடிக்கியா?" என்றேன்.

"குடிக்கேன், குடிக்கேன்."

ஜெபமணியிடம் சொன்னேன். அவர் மலையாள வாடை வந்துவிடாமல் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்தார்.

"டாக்டரம்மாகிட்ட கேளும். ஆனா கேட்டாச் சொல்ல மாட்டாவ. உம்ம பெண்டாட்டியே கையெழுத்துப் போட்டிருக்கா."

அவர் சொன்னபடிதான் நடந்தது. டாக்டர் மெர்லின் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கேட்டது உங்க காதுல சார். நான் எதுவும் சொல்லல" என்றார். அந்தக் குரலிலும் பொக்கை. அன்றைக்கு எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. இனிமேல் யாரும் என்னிடம் பொய் சொல்ல முடியாதே என்று களைப்பாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு போனை எடுத்ததும் சொல்லிவிட்டேன். "ஆவுடை, நான் பொறப்பட்டு வாரேன்."

அந்தப்பக்கம் சத்தமில்லை. சத்தமில்லாததிலும் எனக்கு அவள் மூச்சு கேட்டது.

"கேட்டுட்டியளா?"

"கேட்டுட்டேன்."

"ஆமா, என்னிக்கும் கேக்காத காது இப்பத்தான் கேக்கணும்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வந்தியன்னா நான் வீட்டு நடை ஏத்த மாட்டேன். பாத்துக்கிடுங்க. நான் போனா ஒரு வருசம் அழுவிய, ரெண்டு வருசம் அழுவிய, பெறகு சரியாப் போவும். எல்லா ஆம்பளையும் அப்பிடித்தான். இப்பம் வந்து பாத்தியன்னா அது ஆறவே ஆறாதாம். அதான் அந்த டாக்டரு சொன்னதும் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு ஒங்களுக்கு யாரு சோறு போடுவா, யாரு கண்ணத் தொடைப்பா? மண்டலம் முடியட்டும். அதுவரைக்கும் நான் உசுரோட கெடப்பேன். கெடந்து காட்டுதேன்."

"நம்ம மகன் கணபதி?"

"ஓசூருல இருந்து வந்து கூடத்தான் இருக்கான். கஞ்சி வச்சுத் தாரான். உப்புதான் போட மறந்துருதான்."

நான் கிளம்பியிருக்கலாம். யாரும் கதவைப் பூட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்வோம் என்று தங்கிவிட்டேன். பகலெல்லாம் இறகைத் தட்டினேன். ஞாயிறு மத்தியானம் அவளைத் தட்டினேன். நான் "எப்பிடி இருக்க" என்பேன், அவள் "கல்லு மாதிரி" என்பாள், பொக்கை வாராவாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுண்ணாம்புக்கட்டி இருந்தால் நெஞ்சு முழுக்க வட்டம் போட்டிருப்பேன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வரும். பொக்கை கேட்கிறதென்றால் ஆள் இருக்கிறாள்.

*

மண்டலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது வந்த ஞாயிறு அது. போன் நேரத்துக்கு வந்தது.

"எப்பிடி இருக்க ஆவுடை?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

கல்லாகவே இருந்தது. மூச்சு வார்த்தையின் கடைசிவரை வந்தது. உட்கார்ந்து, நிமிர்ந்து, தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். ஒரு பொக்கை இல்லை, ஓர் ஒட்டு இல்லை. மணி மாதிரிப் பேசியது.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"சாப்ட்டேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுதியளா? வேலம்மா சண்டைய நான் பாத்துக்கிடுதேன். நீங்க படிப்ப முடிச்சுட்டு வாங்க."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது அதனிடம். அவள் குரலில் பேசியதற்காக இன்னொரு முறையும் "சரி" என்றுவிட்டுப் போனை வைத்தேன்.

டாக்டர் மெர்லின் அறையில் இருந்தார். நான் உட்காரவில்லை.

"எப்பம்?"

அவர் பொய் சொல்ல வாயெடுத்து, என் காதைப் பார்த்து, வேண்டாமென்று விட்டார்.

"காலைல சார். விடியறப்போ."

"அந்தப் போன்?"

"அது அவங்க குரல்தான். போன மாசம் அவங்களே கேட்டுக் குடுத்தாங்க. தனக்கு முடியாமப் போனா மண்டலம் முடியற வரைக்கும் பேசுறதுக்கு. நாங்க ஆள் அனுப்பிப் பதிவு பண்ணோம். ஒரு வரி பேசறதுக்குள்ள நாலு தடவை இருமினாங்க. நாள் பூரா உக்காந்து பேசினாங்க. மீதிய மெஷின் சேர்த்துக்கும். இருமலை மட்டும் நாங்க எடுத்துட்டோம்."

"அதத்தான் எடுத்திருக்கப்படாது" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிவுசெய்ய வந்தவர்களுக்கு ஆவுடை காப்பி போடச் சொன்னாளாம், கணபதி போட்ட காப்பி நன்றாக இல்லையென்று இரண்டாவது முறை போடச் சொன்னாளாம். டாக்டரும் போயிருக்கிறார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அவள எடுத்துட்டாங்களா?"

"மத்தியானத்துக்கு மேல எடுக்கறதா இருக்காங்க."

"என் மகன்கிட்டச் சொல்லுங்க. நான் வந்துதான் எடுக்கணும்."

"சார், உக்காருங்க. ஒரு நிமிஷம் கேளுங்க. சேதி கேட்டது வேற. அதுவே பாதி உள்ள போயிருக்கும். ஆனா முகத்தைப் பாத்து, அந்த அழுகையைக் கேட்டு, நெருப்பு வரைக்கும் போனா முழுசும் உள்ள உக்காந்துடும். ஆறவே ஆறாது. ரெண்டே வாரம். அப்புறம் போய் அழுங்க. அவங்க அதுக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டாங்க."

"தெரியும்மா."

"அப்ப ஏன்?"

அவ்வளவு படித்த பெண்ணிடம் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் காது இருந்தும் கேக்காம அவகூட இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டேன். இப்பம் ஒருதடவ முழுசாக் கேக்கேன். அது ஆறாம இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆறணும்னு நான் கேட்டனா?"

டாக்டர் தம் வண்டியையே கொடுத்தார். ஜெபமணி கேட்காமலே ஏறிக்கொண்டார். துட்டி வீட்டுச் சத்தம் அவருக்கும் ஆகாது என்று சொன்னேன். "நான் தெருமுனையில எறங்கிக்கிடுதேன் வே. காதுல பஞ்சு வச்சிருக்கேன். நீரு தனியாப் போவக்கூடாது" என்றார். வள்ளியூர் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

வெயில் சாயும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். பந்தல் போட்டிருந்தது. கணபதி ஓடிவந்து, "அப்பா, வரவேண்டாம்னுதான் அம்மா சொன்னா" என்று கட்டிக்கொண்டான். என்னைக் கண்டதும் பெண்கள் குரலெடுத்தார்கள்.

அந்தக் காதோடு ஒரு துட்டி வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது. டாக்டர் சொன்னது சரிதான். ஒவ்வொரு அழுகையும் தனித்தனியாக வந்து விழுந்தது. என் ஒன்றுவிட்ட தங்கையின் அழுகை வெறும் தொண்டையிலிருந்து வந்தது, அடியில் ஒன்றுமில்லை. அத்தைமகள் அழுகையில் பஸ்ஸுக்கு நேரமாகும் கவலை இருந்தது. அவர்களைக் குறைசொல்லவில்லை, ஊர் வழக்கத்துக்கு அழுகிறவர்கள் அழுதுதான் ஆகவேண்டும். தலைமாட்டில் சுவரோரமாக ஒருத்தி சத்தமே வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தாள். அதுதான் அந்த வீட்டிலேயே கெட்டியான அழுகை. நுனியிலிருந்து அடிவரை ஒரு பொக்கை கிடையாது. யாரென்று பார்த்தேன். வேலம்மாள்.

"இனி நான் யாரோட சண்ட போடுவேன் அண்ணாச்சி" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆவுடையின் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்லவந்து நான் கவனிக்கவில்லை என்று பாதியில் விட்டவளைப் போல. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவளிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. குனிந்து அவள் வாயருகில் காதை வைத்துக் கேட்டேன். பார்த்தவர்கள் முத்தம் கொடுப்பதாக நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். எடுக்கிறவரைக்கும் அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டேயிருந்தேன்.

*

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே எனக்குக் கதவு சாத்திவிட்டது. ஒருநாள் காலையில் குழாயடியில் வாளி நிறைந்து வழிந்து கால் நனைந்தபிறகுதான் தெரிந்தது. உலகம் மறுபடியும் பாதியாகிவிட்டது. ஒருவகையில் நிம்மதி.

பட்டறையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இறகின் சத்தங்கள் அதற்குமுன்பே உள்ளே போய்விட்டிருந்தன, அவை போகவில்லை. ஜெபமணியும் அங்கேதான் இருக்கிறார். அவர் மனைவி திருவனந்தபுரத்துக் குடும்பத்தைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. காலையில் எழுந்ததும் எனக்கு அப்போதுதான் சேதி வருகிறது. இன்றைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவி, வேலைக்கு வருகிறேன். வருஷம் ஆகிவிட்டதே, காலம் ஆற்றும் என்று ஊரில் சொல்வார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர்களிடம் இதையெல்லாம் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

கடைசியாகப் பேசிய அந்த நல்ல குரலும் உள்ளே அழியாமல்தான் கிடக்கிறது. கல்லு மாதிரி இருக்கேன் என்று மணியாகச் சொல்கிற குரல். அவள் எனக்காக நாள் முழுக்க இருமி இருமிச் செய்துவைத்தது என்பதால் அதை வெறுக்க முடியவில்லை. அதைக் கேட்க ஆசையும் வருவதில்லை. குறையே இல்லாத இறகு எதையாவது தட்ட நேர்ந்தால் சுபாவைக் கூப்பிட்டு, நீ பாரும்மா என்று தள்ளிப் போய்விடுவேன்.

பொக்கை கேட்டால் மட்டும் உடனே வட்டம் போடுவதில்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று தடவை தட்டுவேன். "என்ன சார், சந்தேகமா?" என்று கேட்பாள் சுபா.

"இல்லம்மா. கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வட்டம் போடுவேன்.